வீட்டு ரத்தம்

எங்கள் ரத்தப் பரிசோதனை நிலையத்துக்கு இருபத்தைந்து வருடம் நிறைகிறது. அதற்கு ஒரு மலர் போடுகிறார்கள். ஒவ்வொருவரும் கூட வேலை பார்க்கும் ஒருவரைப் பற்றி ஒரு பக்கம் எழுத வேண்டும் என்று பெரிய டாக்டர் சொல்லிவிட்டார். சீட்டுக் குலுக்கிப் போட்டதில் எனக்கு வந்து விழுந்தது பஞ்சு. என் ராசி அப்படி. "அன்பும் பணிவும் மிக்கவர், நோயாளிகளின் மனம் கவர்ந்தவர்" என்று ஒரு பக்கத்தை நிரப்பிக் கொடுத்துவிட்டேன். அது அச்சாகி வரும். அதில் எழுதாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எனக்கு அவள் மேல் பொறாமை. இருந்தது என்று எழுதினால் பெருந்தன்மையாக இருக்கும். ஆனால் இன்று காலைகூட இருந்தது.

பஞ்சு என்பது அவள் பெயர் அல்ல. ஆறு வருடத்துக்கு முன் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில், ஊசியைக் கண்டாலே மயங்கி விழும் லாரி ஓட்டுநர் ஒருவர் அவள் முன்னால் உட்கார்ந்தார். ரத்தம் எடுத்து முடித்த பிறகு கண்ணைத் திறந்து, "எப்பம்மா குத்துவீங்க? பஞ்சு வச்சுத் தொடச்சுக்கிட்டே இருக்கீங்களே" என்றார். அறையே சிரித்தது. அன்றைக்குப் பெயர் ஒட்டிக்கொண்டது. எனக்கும் ஒரு பட்டப்பெயர் உண்டாம், ஸ்கேல். குழாய்களில் லேபிளை நேராக ஒட்டுவதால் அந்தப் பெயர் என்று ரிசப்ஷன் அண்ணன் சொன்னார். அவர் சமாளிக்கிறார் என்று தெரியாத அளவுக்கு நான் ஏமாளி இல்லை.

பஞ்சுவுக்கு உருண்டை உடம்பு, உருண்டை முகம். சிரித்தால் கடைவாய்ப் பல் வரை தெரியும். மேசை இழுப்பறையில் எப்போதும் உருளைக்கிழங்கு வறுவல் பாக்கெட் ஒன்று இருக்கும். பத்தரை மணிக்கு வெண்ணெய் வழிய ஒரு பன், அது முடிந்ததும் பக்கத்தில் யார் வைத்திருக்கிறார்களோ அவர்கள் பன்னில் பாதி. நான் பதினொரு மணிக்கு ஓர் ஆப்பிள் சாப்பிடுவேன். எண்ணெய்ப் பலகாரத்தைத் தொட்டுப் பல வருடம் ஆகிறது. தினமும் விடிந்ததும் நாற்பது நிமிடம் நடை. பத்தொன்பது வருட வேலை அனுபவம், ஒரு நாள்கூடத் தாமதமாக வந்ததில்லை. இத்தனைக்கும் பிறகு நோயாளிகள் டோக்கன் வாங்கும்போதே, "அந்தச் சிரிக்கிற பொண்ணு இருக்காங்களா?" என்று கேட்டார்கள். ரத்தம் எடுக்கும் அறையில் நாற்காலி இரண்டு. ஒன்றில் அவள், ஒன்றில் நான். என் நாற்காலி காலியாக இருக்கும், அவளுக்காக ஏழு பேர் காத்திருப்பார்கள். "இங்க வாங்க, இங்க காலிதான்" என்று நான் கூப்பிட்டால், "பரவால்லம்மா, எங்களுக்கு ஒண்ணும் அவசரமில்ல" என்பார்கள். சாப்பிடாமல் வெறும் வயிற்றோடு வந்தவர்கள் சொல்கிற பதிலா இது?

வீட்டில் இரவுச் சாப்பாட்டின்போது தினமும் இதைச் சொல்லிப் புலம்புவேன். என் வீட்டுக்காரர் ஒருநாள் சொன்னார். "இன்னிக்கும் பஞ்சுதானா? நீ சொல்லிச் சொல்லி எனக்கே அவங்கள ஒரு தடவ பார்க்கணும்போல இருக்கு." அன்றைக்கு அவருக்கு இரண்டாவது முறை பரிமாறவில்லை.

இருந்தாலும் எனக்கென்று ஒன்று இருந்தது. அது என் ரத்தம்.

காலையில் நோயாளிகளின் ரத்தத்தை இயந்திரத்தில் ஏற்றும் முன், இயந்திரம் ஒழுங்காக அளக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதற்காகக் கம்பெனி குப்பிகள் அனுப்பும். அதில் என்ன அளவு வர வேண்டும் என்று அச்சடித்திருக்கும். எங்கள் பெரிய டாக்டருக்கு அது மட்டும் போதாது. "அது கம்பெனிக்காரன் வளர்த்த புள்ள, அவன் சொன்னதத்தான் கேக்கும். நம்ம வீட்டுப் புள்ள ஒண்ணு வேணும்" என்பார். அதனால் ஒவ்வொரு திங்கட்கிழமையும் ஊழியர் ஒருவரின் ரத்தத்தை எடுத்து, சுழற்றி, மேலே தெளியும் நீரை மட்டும் பிரித்து ஆறு சின்னக் குப்பிகளில் ஊற்றி உறைய வைப்போம். நாளுக்கு ஒன்று. அதற்கு வீட்டு ரத்தம் என்று பெயர். எப்போது அளந்தாலும் அதிகம் ஏறி இறங்காத ரத்தமாக இருக்க வேண்டும். பதினொரு வருடமாக அது என் ரத்தம்.

என் சர்க்கரை எண்பத்தெட்டு. கெட்ட கொழுப்பு தொண்ணூறைத் தாண்டியதே இல்லை. யூரியா, உப்பு, எல்லாம் கோடு போட்டது போல இருக்கும். "அக்கா ரத்தத்துக்குச் சர்க்கர நூத்திப்பத்து காட்டுது. மிஷின நிறுத்து" என்று உள்ளே குரல் கேட்கும்போது எனக்குள் ஒரு சுகம் பரவும். அத்தனை பெரிய இயந்திரத்தை என் ரத்தம் நிறுத்துகிறது. அந்த ரத்தத்தை நான்தான் எடுப்பேன், வேறு யாரையும் தொட விட்டதில்லை. ரப்பர் பட்டையின் ஒரு நுனியைப் பல்லால் கடித்து இழுத்து இடது கையில் கட்டிக்கொண்டு, வலது கையால் குத்திக்கொள்வேன். புதிதாக வருபவர்கள் வாய் பிளந்து பார்ப்பார்கள். பார்க்கட்டும் என்றுதான் நடு அறையில் செய்வேன்.

போன வருடம் ஒரு புதிய பரிசோதனை வந்தது. சிஆர்பி என்று ஒன்று முன்பே இருந்தது. காய்ச்சல், புண், மூட்டுவீக்கம் என்றால் ரத்தத்தில் ஏறும் ஒரு புரதம் அது. புதிதாக வந்தது அதையே மிக நுணுக்கமாக அளப்பது. அது எதற்கு என்று பெரிய டாக்டர் எங்களை நிற்க வைத்துப் பாடம் எடுத்தார். யாரோ வாங்காமல் விட்டுப்போன ரிப்போர்ட்டின் பின்பக்கத்தில் இரண்டு கோடு போட்டார்.

"ரத்தக்குழாய் அடைக்குதுன்னா, சமையல் தொட்டிக் குழாயில எண்ணெய்ப் பிசுக்கு சேர்ற மாதிரின்னு எல்லாரும் நினைச்சுக்கிறோம். அப்படியில்ல. அந்தக் குழாய்க்கு உயிர் கிடையாது. இதுக்கு உயிர் இருக்கு. கொழுப்பு போய்க் குழாயோட சுவருக்குள்ள ஒட்டிக்குது. உடனே உடம்பு, யாரோ திருடன் புகுந்துட்டான்னு வெள்ளை அணுக்கள அனுப்புது. அதுங்க கொழுப்பத் தின்னு தின்னு வீங்கி, திரும்பிப் போக முடியாம அங்கேயே கிடக்குதுங்க. இன்னும் ஆள அனுப்புன்னு கத்துதுங்க. சுவருக்குள்ள கொப்புளம் மாதிரி ஆயிடுது. மேல் தோல் கெட்டியா இருந்தாத் தப்பிச்சோம். உள்ள எரிஞ்சுக்கிட்டே இருந்தா அந்தத் தோல் மெலிஞ்சு, ஒருநாள் பிச்சுக்கும். ரத்தம் அங்க உறைஞ்சு நிக்கும். அவ்வளவுதான்."

"அப்போ கொழுப்பு கம்மியா இருந்தாத் தப்பிச்சிடலாம்ல டாக்டர்?" என்று கேட்டேன். கேட்டது எனக்காக அல்ல. என் தொண்ணூறை அவர் எல்லார் முன்னும் ஒரு முறை சொல்வார் என்று எதிர்பார்த்துத்தான் கேட்டேன்.

"பாதி தப்பிக்கலாம்" என்றார். "அழற்சி எங்கேர்ந்து வேணா வரலாம். மூட்டு, நுரையீரல், பல் ஈறு, புகை, தொப்பை. உடம்புல ஒரு மூலையில வருஷக்கணக்கா எரிஞ்சா, அந்தச் சூடு குழாய்ச் சுவருக்கும் போகும். இந்த டெஸ்ட் எங்க எரியுதுன்னு சொல்லாது. எரியுதுன்னு மட்டும் சொல்லும். ஒண்ணுக்குக் கீழன்னா நல்லது. மூணுக்கு மேலன்னா யோசிக்கணும்."

தொப்பை என்று அவர் சொன்னபோது நான் பஞ்சுவைப் பார்த்தேன். அவள் பன் துணுக்கைத் துடைத்துக்கொண்டு, "அப்ப எனக்கு முப்பது வரும் டாக்டர்" என்று சிரித்தாள்.

இயந்திரம் பழக வேண்டுமே, அன்றைக்கே எங்கள் இருவர் ரத்தத்தையும் ஏற்றினார்கள். அவளுக்கு 0.4. எனக்கு 7.6.

திரையில் பெயர்கள் இடம் மாறியிருக்கின்றன என்றுதான் நினைத்தேன். இல்லை. "சளி, காய்ச்சல் எதாவது இருந்துச்சாம்மா?" என்று டாக்டர் கேட்டார். இருந்தது என்று சொன்னேன், பொய். ரெண்டு வாரம் கழித்துப் பார்க்கலாம் என்றார். ரெண்டு வாரம் கழித்து 7.9. அடுத்த திங்கட்கிழமை ஃப்ரீசரில் என் ஆறு குப்பிகளுக்குப் பக்கத்தில் பஞ்சுவின் ஆறு குப்பிகள் நின்றன. "இந்த டெஸ்ட்டுக்கு மட்டும் வீட்டு ரத்தம் அவங்களது இருக்கட்டும்" என்றார் டாக்டர், சாதாரணமாக, ஜன்னலைச் சாத்தச் சொல்வது போல.

அன்றைக்கு நான் ஆப்பிள் சாப்பிடவில்லை. வறுவலும் வெண்ணெயும் ஊறிய ரத்தம் நல்ல ரத்தமாம். பதினொரு வருடம் நாக்கைக் கட்டியவளின் ரத்தம் எரிகிறதாம். எனக்குத்தான் எரிந்தது, அடிவயிற்றில். ரசாயனம் கெட்டுப்போயிருக்கும், குளிர்சாதனப் பெட்டியில் சரியாக வைத்திருக்க மாட்டார்கள் என்று நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தேன். நச்சரிப்புத் தாங்காமல் டாக்டர், "சரி, ரெண்டு பேர் ரத்தத்தையும் பெரிய லேபுக்கு அனுப்பிப் பார்த்துடுவோம்" என்றார்.

இனி சொல்லப்போவதை என் வீட்டுக்காரரிடம்கூட வெகுநாள் சொல்லவில்லை.

எங்கள் வேலையில் முதல் சட்டம், லேபிள் ஒட்டிவிட்டுத்தான் ஊசியை எடுக்க வேண்டும். அன்றைக்கு என் குழாயை நான் நிரப்பினேன். பஞ்சு அவள் குழாயை நிரப்பி முடித்தபோது பக்கத்து நாற்காலியில் ஒரு குழந்தை வீரிட்டது. "அக்கா, எனக்கும் லேபிள் ஒட்டிடுங்களேன்" என்று லேபிள் இல்லாத குழாயைத் தாங்கியில் வைத்துவிட்டு ஓடினாள். அவள் எழுதி வைத்திருந்த லேபிள் மேசையில் கிடந்தது. என்னுடையதும் கிடந்தது. நான் இரண்டையும் ஒட்டினேன். ஸ்கேல் வைத்தது போல நேராக ஒட்டினேன். ஆனால் மாற்றி ஒட்டினேன். பத்தொன்பது வருடத்தில் ஒரு லேபிள் தவறியதில்லை என்று மார்தட்டிக்கொண்டவள் நான்.

என் கணக்கு இது. பெரிய லேபில் எனக்குக் குறைவாக வரும், அவளுக்கு அதிகமாக வரும். எங்கள் இயந்திரம்தான் தப்பு என்று ஆகிவிடும், அந்தப் பரிசோதனையையே மூட்டை கட்டி அனுப்பிவிடுவார்கள். பொறாமை கண்ணை மறைக்கும்போது மூளையையும் சேர்த்து மறைத்துவிடுகிறது. வந்த ரிப்போர்ட்டில் என் பெயருக்கு 0.4, அவள் பெயருக்கு 7.8. டாக்டர் இரண்டு தாள்களையும் பக்கத்தில் வைத்து ஒரு நிமிடம்கூடப் பார்க்கவில்லை. "மிஷின் தங்கமா இருக்கு. ரெண்டு எண்ணும் அப்படியே ஒத்துப்போகுது. லேபிள்தான் மாறியிருக்கு" என்றார். நேற்று வேலைக்குச் சேர்ந்தவளுக்குக்கூடத் தெரியும் இது. எனக்குத் தோன்றவே இல்லை. இயந்திரம் சரி என்பதையும், எரிவது நான்தான் என்பதையும் நானே சாட்சி வைத்து நிரூபித்துக் கொடுத்திருந்தேன்.

"அனுப்பினது யார்?" என்று கேட்டார். அந்த வாரம் அனுப்பும் சீட்டில் கையெழுத்துப் போட்டது பஞ்சு. அவள் என்னைப் பார்த்தாள். நான் சுவரில் இருந்த தீயணைப்பானைப் பார்த்தேன்.

"லேபிள் ஒட்டாம வச்சுட்டுப் போனது நான்தான் டாக்டர்" என்றாள். பொய்யும் இல்லை அது, முழு உண்மையும் இல்லை.

லேபிள் தப்பு எங்கள் இடத்தில் சின்னத் தப்பு அல்ல. ஒருவர் நோயை இன்னொருவர் தலையில் கட்டும் தப்பு. ஒரு மாதம் அவள் ஊசியைத் தொடக்கூடாது, பின்னறையில் குழாய்களைச் சுழற்றும் வேலை என்று டாக்டர் சொன்னார். தவறுப் பதிவேட்டில் அவள் பெயர் ஏறியது. அதோடு என் பக்கம் திரும்பி, "நீங்க ஒரு இதய டாக்டர்கிட்டக் காட்டுங்க. அப்படியே பல் டாக்டர்கிட்டயும்" என்றார். சரி என்று தலையாட்டினேன். போகவில்லை.

நாற்காலி இரண்டும் எனக்கே என்று ஆன அந்த மாதம் எப்படி இருந்தது தெரியுமா? வருகிறவர்கள் எல்லாரும், "அந்தப் பொண்ணு லீவா?" என்றார்கள். குழந்தைகள் என்னைப் பார்த்ததும் அழுதன. லாரி ஓட்டுநர் வந்தார், நிலைமையைத் தெரிந்துகொண்டு, அடுத்த மாதம் வருகிறேன் என்று போய்விட்டார். பின்னறையில் இயந்திரம் சுழலும் சத்தத்துக்கு மேல் பஞ்சுவின் சிரிப்பு கேட்டது. குழாய் சுழற்றுகிற இடத்தில் என்ன சிரிப்பு வேண்டிக்கிடக்கிறது என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.

எங்கள் நிலையம் இரண்டாவது மாடியில், கீழே செருப்புக் கடை. லிஃப்ட் நோயாளிகளுக்கு மட்டும். படிகள் நாற்பத்து நான்கு. சில மாதங்களாகவே இருபத்தைந்தாவது படிக்குப் பக்கத்தில் எனக்கு நெஞ்சில் ஒரு பிடிப்பு வரும், தாடை வரைக்கும் ஏறும். நின்றால் போய்விடும். வாயு என்று வைத்துக்கொண்டேன். படி வளையும் அந்தப் படித்திருப்பில் "எச்சில் துப்பாதீர்" என்று ஒரு பலகை உண்டு. அதைப் படிப்பது போல நிற்பேன். பஞ்சுவும் நானும் சேர்ந்து ஏறும் நாட்களில் அந்தத் தொல்லை இல்லை. அந்தப் படித்திருப்பு வந்ததுமே, "நில்லுங்கக்கா, மூச்சு வாங்குது" என்று இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றுவிடுவாள். அவள் இளைப்பதைப் பார்க்க எனக்குத் திருப்தியாக இருக்கும். ஆர அமர நின்று இளைப்பாறுவோம்.

மூன்றாவது வாரத்தில் ஒருநாள் அந்தப் படித்திருப்பில் அவளே பேச்சை எடுத்தாள்.

"அக்கா, லேபிள் விஷயம் நான் யார்கிட்டயும் சொல்லல. சொல்லவும் மாட்டேன். நீங்க டாக்டர்கிட்டப் போனீங்களா?"

"எனக்கு என்ன கேடு? என் ரிப்போர்ட்டப் பார்த்திருக்கல்ல?"

"எங்க அம்மா ரிப்போர்ட்டும் அப்படித்தான் இருந்துச்சு. சர்க்கர இல்ல, கொழுப்பு இல்ல. உங்கள மாதிரியே ஒல்லி. கை மூட்டு மட்டும் வருஷக்கணக்கா வீங்கிக் கிடந்துச்சு, மாத்திர போடாம இழுத்துக்கிட்டே போனாங்க. நாப்பத்தெட்டு வயசுல, துணி மடிச்சுக்கிட்டிருந்தவங்க அப்படியே சாஞ்சுட்டாங்க. ரத்தக்குழாய்தான்னு சொன்னாங்க. மூட்டுக்கும் குழாய்க்கும் என்ன சம்பந்தம்னு தெரிஞ்சுக்கத்தான் நான் இந்த வேலைக்கே வந்தேன்." பிறகு என் பக்கம் திரும்பினாள். "நீங்க ரப்பர் பட்டையப் பல்லால கடிச்சு இழுக்கிறீங்கல்ல. ஒவ்வொரு திங்களும் அந்த நுனியில சிவப்பா இருக்கும். நீங்க ஸ்பிரிட் வச்சுத் தொடச்சிடுவீங்க. நான் ஆறு வருஷமாப் பார்க்கிறேன்."

எனக்கு முகம் சிவந்தது. ஈறில் ரத்தம் கசிவது பல வருடக் கதை. பல் டாக்டரின் அந்தக் குடையும் சத்தம் எனக்கு ஆகாது. ஊரெல்லாம் ஊசி குத்துகிறவள், இதைச் சொன்னால் யார் நம்புவார்கள்? அதனால்தான் வாயைப் பொத்திச் சிரிப்பேன், ஆப்பிளைக் கடித்த பக்கம் உள்ளே திருப்பி வைப்பேன். யாரும் கவனிக்கவில்லை என்று இருந்தேன்.

"உங்கம்மா வயசா எனக்கு?" என்றேன். அவள் சொன்ன அத்தனையிலும் எனக்கு முதலில் சுட்டது அதுதான்.

"நீங்க அஞ்சு வயசு கூட அக்கா" என்றாள், கள்ளமே இல்லாமல்.

நான் டாக்டரிடம் போனது உயிருக்குப் பயந்து அல்ல. அவள் நினைப்பு தப்பு என்று ஒரு தாளில் எழுதி வாங்கி, அவள் மேசையில் போட வேண்டும் என்றுதான் போனேன். இதய டாக்டர் என்னை ட்ரெட்மில் என்னும் ஓடும் பட்டையில் ஏற்றினார். நாற்பது நிமிடம் நடக்கிறவள் என்று பெருமையாகச் சொன்னேன். மேடு இல்லாத பாதையா என்று கேட்டார். ஆமாம் என்றேன். பட்டை மேடேறியது. ஆறாவது நிமிடத்தில் நெஞ்சும் தாடையும் பிடித்தன. திரையில் கோடுகள் இறங்கின. "நிறுத்து" என்றார் டாக்டர். நான் கேட்டுப் பழகிய அதே சொல். இந்த முறை நிறுத்தியது என்னை.

மறுநாள் கை நாளத்தின் வழியாக மருந்து செலுத்திப் படம் எடுத்தார்கள். இதயத்தின் முன்பக்கக் குழாயில் ஓரிடம் நூல் போல மெலிந்திருந்தது. கொழுப்பு மலை போல் சேர்ந்ததல்ல, சுவரே வீங்கிக் கிடக்கிறது என்றார்கள். ஸ்டென்ட் என்னும் வலைக்குழாய் ஒன்றை வைத்தார்கள். "இன்னும் கொஞ்ச நாள் படி ஏறிட்டிருந்தா என்ன ஆயிருக்கும்னு சொல்ல முடியாதும்மா" என்றார் இதய டாக்டர். பல்லால்தான் வந்ததா என்று கேட்டேன். "அப்படி ஒரே காரணத்து மேல பழி போட மாட்டேன். வயசு இருக்கு, மாதவிலக்கு நின்னது இருக்கு, பரம்பரை இருக்கு. ஆனா வாயில இத்தன வருஷமா எரியிற அடுப்ப அணைக்காம விடறது தப்பு" என்றார்.

ஆஸ்பத்திரிக்கு எங்கள் நிலையத்திலிருந்து முதலில் வந்தது ரிசப்ஷன் அண்ணன். பேச்சுவாக்கில், "பஞ்சு இல்லாம படிக்கட்டே வெறிச்சுன்னு இருக்கு, லீவு போட்டிருக்கு" என்றார். "அவளுக்குத்தான் படி ஏறினாலே மூச்சு வாங்குமே" என்றேன். அவர் என்னை விசித்திரமாகப் பார்த்தார். "யாருக்கு? பஞ்சுவுக்கா? அது தனியா வந்தா ரெண்டு ரெண்டு படியாத் தாவி வரும். கீழேர்ந்து மேல வர நான் நிமிர்ந்து பார்க்கிற நேரம்தான் ஆகும்."

அவர் போன பிறகு கட்டிலில் படுத்தபடி அந்தப் படித்திருப்பை நினைத்துப் பார்த்தேன். இடுப்பில் கை, "நில்லுங்கக்கா, மூச்சு வாங்குது." எத்தனை மாதம் அப்படி நின்றிருப்பாள்! நான் அதைப் பார்த்துத் திருப்திப்பட்டிருக்கிறேன். நன்றி வந்ததா என்றால், வந்தது. ஆனால் அதற்கு முன்னால் பொறாமைதான் வந்தது. நல்லவளாக இருப்பதிலும் என்னை முந்திக்கொண்டாளே என்று வந்தது. பிறகுதான் அழுகை வந்தது. என் வீட்டுக்காரர் தண்ணீர் எடுத்துக் கொடுத்தார். அப்போதுதான் அவரிடம் லேபிள் கதையைச் சொன்னேன். அவர் திட்டவில்லை. "பஞ்சுவப் பார்க்கணும்னு நான் சொன்னது சரிதான்" என்று மட்டும் சொன்னார்.

வேலைக்குத் திரும்பிய அன்று முதல் காரியமாகத் தவறுப் பதிவேட்டை எடுத்தேன். அவள் பெயர் இருந்த வரிக்குக் கீழே எழுதினேன். "லேபிளை மாற்றி ஒட்டியது நான். தெரிந்தே ஒட்டினேன்." பெரிய டாக்டர் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். என்னை வேலையை விட்டு அனுப்பியிருந்தாலும் நான் வாய் திறந்திருக்க மாட்டேன். "கையெழுத்துப் போடலையே" என்று நோட்டைத் திருப்பித் தள்ளினார். போட்டேன். மூன்று மாதம் பின்னறை என்றார், அவள் இருந்ததுபோல் மூன்று மடங்கு. அதில் எனக்கு மறுப்பு இல்லை. பஞ்சு அன்றைக்கே நாற்காலிக்குத் திரும்பிவிட்டாள். லாரி ஓட்டுநர் அந்த வாரமே வந்துவிட்டார், எப்படித்தான் மூக்கில் வியர்த்ததோ.

பல் டாக்டரிடம் ஒன்பது முறை போனேன். முதல் முறை பஞ்சு கூட வந்து வெளியே உட்கார்ந்திருந்தாள், வறுவல் தின்றுகொண்டு.

போன திங்கட்கிழமை ஒரு விஷயம் பாக்கி இருந்தது. வலைக்குழாய் வைத்து ஆறு மாதம் ஆகிறது, சிஆர்பியைத் திரும்பப் பார்க்க வேண்டும் என்றார் டாக்டர். நான் வழக்கம் போல் ரப்பர் பட்டையை எடுத்தேன். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறேன், இனி எனக்கு நானே குத்திக்கொள்ளக்கூடாது, பட்டையை வாயில் வைக்கவும் கூடாது என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். வேறு வழியில்லை. ஆறு வருடமாகப் பக்கத்தில் இருந்தும் ஒரு தடவைகூட உட்காராத அவள் நாற்காலியில் போய் உட்கார்ந்தேன். பஞ்சு என் பெயர் எழுதிய லேபிளை முதலில் குழாயில் ஒட்டினாள். கொஞ்சம் கோணலாகத்தான் ஒட்டினாள். எனக்குக் கை பரபரத்தது, அடக்கிக்கொண்டேன்.

முடிவு மத்தியானம் வந்தது. 1.2. குறைந்திருக்கிறது. அவளுடையது அன்றைக்கும் 0.4. ஃப்ரீசரில் இப்போது எல்லாப் பரிசோதனைக்கும் அவள் குப்பிகள்தான் நிற்கின்றன, என் தட்டு காலி. மாத்திரை சாப்பிடுகிறவர் ரத்தம் வீட்டு ரத்தம் ஆக முடியாதாம்.

அதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டேன். பொறுக்க முடியாதது காலையில் அந்த நாற்காலியில் நடந்தது. அவள் தன் அம்மா துணி மடிக்கும் விதத்தை ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். கேட்டுக்கொண்டிருந்த நான், இன்னும் குத்தவில்லையே என்று கையைப் பார்த்தேன். குழாய் நிறைந்திருந்தது. பஞ்சு ஊசியை எடுத்துவிட்டு, அந்த இடத்தைப் பஞ்சால் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"வலிச்சுதாக்கா?" என்றாள்.

வலிக்கவே இல்லை. ஒரு துளிகூட வலிக்கவில்லை. பதினொரு வருடமாக ஒவ்வொரு திங்களும் நானே குத்தி எனக்கு வலித்திருக்கிறது.

"லேசா" என்றேன்.